குறுக்கே வைக்காத ரசமட்டம்

பெயர்தான் வண்டிச் சீட்டுக் கடை. வருகிறவர்கள் உட்கார அங்கே ஒரு நாற்காலி கிடையாது. அதற்குப் பதில், உள்ளே நுழைந்ததும் வலது கைப்பக்கம் ஒரு மணல் பெட்டி இருக்கும். முழங்கால் உயரத்துக்கு மரச்சட்டம், அதற்குள் ஈரம் தெளித்து மட்டமாக்கிய சன்ன மணல், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கடைக்காரி, "உட்காருங்க" என்றதும் சிரிக்காமல் உட்கார்ந்தவர்கள் குறைவு.

எப்படி உட்காருகிறோம் என்பது நம்மில் யாருக்கும் தெரியாது. நேராக உட்கார்ந்திருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மணலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் விழும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் இரண்டும் பதிந்த இடம் அது. இரண்டின் ஆழமும் ஒன்றாக இருந்தால் ஆள் நேர். ஒன்று ஆழமாகவும் மற்றொன்று மேலோட்டமாகவும் இருந்தால், மேலே தோள் வரைக்கும் எங்கெங்கே வலிக்கிறது என்று கடைக்காரி கேட்காமலே சொல்லிவிடுவாள். குழியின் ஆழத்தை அளக்க அவள் வைத்திருந்தது டயரின் பள்ளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கும் சிறிய அளவுகோல். ரேஸ்காரரின் பெட்டியிலிருந்து கல்யாணமான புதிதில் எடுத்தது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை.

ரேஸ்காரர் என்பது அவள் கணவர். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் கடைக்காரர், மீதி இரண்டு நாள் ரேஸ்காரர். ரெக்ஸின் வாங்கி வருவது, லாரிகளில் சீட்டைக் கழற்றி மாட்டுவது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. அளப்பதும் வார்ப்பதும் அவள். தைப்பது அவருடைய தங்கை. கடைப் பலகையில் அவர் வண்டியின் படமும், அதன் கீழே ‘தோல் மாதிரி பொருந்தும்’ என்ற வரியும் இருந்தன. நாலு வருடத்துக்கு முன் ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்து, பேட்டி எடுத்தவர்களிடம் அவர் சொன்ன வார்த்தை அது. மனைவி வார்த்துக் கொடுத்த சீட்டைப் பற்றிச் சொன்னது. அந்த ஒரு வார்த்தையில்தான் கடையே எழுந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர்.

"ரெண்டு மணி நேரம் ஓட்டினா வலது கால் மரத்துப் போகுதும்மா. சீட்டு சரியில்ல. டிப்போல சொன்னா, உன் காலை மாத்துங்கிறான். ஒரு மெத்தை தைச்சுக் குடுங்க, நானே போட்டுக்கறேன்."

"உட்காருங்க."

"மணல்லயா?"

"தாள் போட்டிருக்கு, ஒட்டாது."

தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் நாத்தனார் சொன்னாள்: "எங்க போய் உருண்டுட்டு வர்றீங்கன்னு வீட்டுல கேக்க மாட்டாங்க. தைரியமா உட்காருங்க."

அவர் உட்கார்ந்து எழுந்தார். இடப்பக்கக் குழி ஆழம். வலப்பக்கம் குழியே இல்லை. செங்கல்லை வைத்து அழுத்தியதுபோல ஒரு சதுரம்.

"பின்பாக்கெட்ல என்ன வச்சிருக்கீங்க?"

பர்ஸ் வந்தது. உள்ளே லைசென்ஸ், பாஸ், மருந்துச் சீட்டுகள், இரண்டு பிள்ளைகளின் ஒன்றாம் வகுப்புப் படங்கள். பிள்ளைகள் இரண்டுக்கும் இப்போது கல்யாணமாகிவிட்டதாம்.

"இதை மேசை மேல வச்சுட்டு மறுபடி உட்காருங்க."

மறுபடி உட்கார்ந்து எழுந்தார். சதுரம் போய்விட்டது. ஆனால் இடப்பக்கம் இன்னமும் வலப்பக்கத்தைவிட நாலு மில்லி ஆழமாகத்தான் இருந்தது.

"பாத்தீங்களா? பர்ஸை எடுத்தாச்சு. ஆனா உங்க உடம்பு இன்னும் பர்ஸ் மேலதான் உட்கார்ந்திருக்கு. வலது இடுப்புக்கு அடியில ஒரு நரம்பு ஓடுது. அது நேரா பாதத்துக்குப் போகுது. நீங்க அந்த நரம்பு மேல உங்க குடும்பத்தையே வச்சு உட்கார்ந்திருக்கீங்க. மெத்தை வேணாம். பர்ஸை சட்டைப் பையில வச்சுக்கோங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க."

அவர் போனதும் நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். "வர்றவங்களையெல்லாம் இப்படியே வைத்தியம் பாத்து அனுப்புங்க அண்ணி. பலகையை மாத்தி ஆஸ்பத்திரின்னு எழுதிடலாம்."

அப்போதுதான் ரேஸ்காரர் உள்ளே வந்தார். தோளில் அவருடைய பந்தயச் சீட்டு. பின்னால் குழி எடுத்து, முன்னால் தொடைக்கு இரண்டு வாய்க்கால் விட்டு, கறுப்பு நாடா சுற்றிய கெட்டி நுரைக் கூடு. பார்க்க ஒரு பெரிய கிளிஞ்சல் மாதிரி இருக்கும்.

"ஒரு சின்ன வேலை. இதுல இடப்பக்கம் அடியில அரை விரல் பஞ்சு வச்சுக் குடு. ஞாயித்துக்கிழமை போட்டிக்கு."

"எதுக்கு?"

"அந்த ட்ராக்குல வலது வளைவு ஜாஸ்தி. உடம்பு இடது பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கு."

"அதுக்கு விலாவுலதானே வைக்கணும்? அடியில வச்சா என்ன ஆகும்?"

ரேஸ்காரர் தோளிலிருந்த சீட்டை இறக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"உட்காருங்க" என்றாள்.

"நானா? ஏய், எனக்கு வேலை கிடக்கு."

"உட்காருண்ணே," என்றாள் தங்கை. "ஓசிதான்."

அவர் உட்கார்ந்து எழுந்தார். அவள் குனிந்து பார்த்தாள். அளவுகோலை இடக்குழியில் வைத்தாள், வலக்குழியில் வைத்தாள், மறுபடி இடக்குழியில் வைத்தாள். இடம் ஆழம். வலம் மேலோட்டம். நாலரை மில்லி.

"பின்பாக்கெட்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லையே" என்று அவர் தட்டிக் காட்டினார். உண்மைதான். அவர் பின்பாக்கெட்டில் ஒருநாளும் எதுவும் வைத்ததில்லை.

அவர் லாரி ஒன்றுக்குச் சீட்டு மாட்டப் போனதும், அவள் அந்தக் கிளிஞ்சலைத் தூக்கி இரும்பு மேசைமேல் வைத்தாள். அந்த மேசையின் நான்கு காலிலும் திருகு உண்டு. திருகித் திருகி மட்டமாக்கியது. சீட்டின் அடியில் வண்டியோடு முடுக்குகிற துளைகள் உள்ள நான்கு மூலைகளும் மேசையில் பட்டு உட்கார்ந்தன. இரண்டு இடுப்புக் குழிகளுக்கும் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தாள்.

ரசமட்டத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும். மட்டமாக இருந்தால் நடுவில் நிற்கும். இல்லையென்றால் உயரமான பக்கம் ஓடும். குமிழி வலப்பக்கம் ஓடிப் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. இடப்பக்கம் சட்டத்துக்கு அடியில் ஒவ்வொன்றாக மெல்லிய தகடுகளைச் செருகினாள். ஏழாவது தகட்டில் குமிழி நடுவுக்கு வந்தது. தகடு ஒன்று ஒரு மில்லி.

அப்படியானால் அவர் நாலு வருடமாக வலது இடுப்பின் அடியில் ஏழு மில்லி மேட்டோடு வண்டி ஓட்டியிருக்கிறார். பஸ் டிரைவருக்குப் பர்ஸ். இவருக்கு அவள் வார்த்த சீட்டு.

"என்ன அண்ணி, முகம் இப்படிப் போச்சு?"

"நுரை ஒரு பக்கமா மட்டும் ஊதாதுல்ல?"

"அது எப்படி ஊதும்? மாவா அது?"

"ஊதாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கடை தொடங்குவதற்கு முன்னால் அவர்களுக்கு இடம் ஏது? முதல் சீட்டை வார்த்தது இரண்டு தெரு தள்ளி, கார் கழுவுகிற கொட்டகையில். கொட்டகைக்காரர் இன்னும் அங்கேதான் இருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய்.

"வாம்மா வா. வண்டி எங்க?"

"வண்டி இல்லண்ணே. தரையைப் பாக்கணும்."

"தரையைக் கழுவ நான் காசு வாங்கறதில்லையே."

அவள் சிரிக்காமல் மண்டியிட்டாள். முன்னால் ஒரு கார் நின்றதுபோல மனதில் வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்து வாலுக்கு, நீளவாக்கில் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி அழகாக நடுவில் நின்றது. இதே இடம், இதே நீளவாக்கு, இதே குமிழி. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! பிறகு ரசமட்டத்தைத் தூக்கிக் குறுக்கே வைத்தாள். குமிழி இடப்பக்கம் ஓடியது.

"சரிவு எந்தப் பக்கம்ணே?"

"இது என்ன கேள்வி? அதோ வலப்பக்கச் சுவரோரம் சாக்கடை. தண்ணி ஓட வேணாமா? நாலு வண்டி கழுவினா இங்க குளம் கட்டி நிக்கும், மீன் வளக்கலாம். கொத்தனாரை நின்னு போட வச்சேன். என்ன, வாங்கப் போறியா?"

"வாங்கியாச்சுண்ணே," என்றாள். "நாலு வருஷம் முன்னாடியே."

நடந்தது இவ்வளவுதான். சீட்டு வார்ப்பது எப்படியென்றால், வண்டிக்குள் ஓட்டுபவரை உட்காரவைத்து, அவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு பெரிய பையைச் செருகி, இரண்டு திரவங்களைக் கலந்து அதில் ஊற்றுவார்கள். கலந்ததும் அது சூடாகிப் பொங்கும். முதுகு, இடுப்பு, தொடை என்று இருக்கிற இடைவெளியெல்லாம் நிரம்பும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கால்களைப் பெடலில் வைத்தபடி அவர் கால் மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அதற்குள் அது கெட்டிப்பட்டுவிடும். அன்று வண்டி நின்ற தரை வலப்பக்கம் சரிந்திருந்தது. வண்டியும் சரிந்திருந்தது. ஆனால் மனுஷ உடம்பு அப்படிச் சரியாது. கப்பலில் நிற்கிறவன் கப்பல் சாய்ந்தாலும் தான் நேராக நிற்கிற மாதிரி, ரேஸ்காரரின் உடம்பு அதுவாகவே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நிமிர்வை நுரை அப்படியே பிடித்துக்கொண்டது. வண்டி மட்டமான ரோட்டுக்குப் போனதும், நிமிர்வு கோணலாகிவிட்டது.

இப்போதெல்லாம் அவள் நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைக்காமல் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை. சக்கரங்களுக்கு அடியில் தகடு வைத்து மட்டம் பார்ப்பாள். ஆனால் அந்தப் பழக்கம் எப்போது வந்தது, அதற்கு முன் வார்த்தது எத்தனை என்று அவள் திரும்பிப் பார்த்ததேயில்லை. ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.

மறுநாள் மதியம் கடைக்குள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"உங்களுக்கு எப்போலேருந்து கால் மரத்துப் போகுது?"

"யாரு சொன்னா?"

"மணல் சொல்லிச்சு."

அவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஓடு ரொம்ப நிதானமாக உரிந்தது.

"ரெண்டாவது வருஷத்துலேருந்து. பத்தாவது சுத்துல ஆரம்பிக்கும். முதல்ல சுண்டு விரல். அப்புறம் ஒண்ணொண்ணா உள்ள வரும். கடைசில கட்டை விரல்."

"அப்புறம் எப்படி ஆக்ஸிலேட்டர் மிதிக்கறீங்க?"

"காதால."

"விளையாடாதீங்க."

"நிஜமாத்தான். எஞ்சின் சத்தம் ஏறுச்சுன்னா கால் கீழ போயிருக்குன்னு அர்த்தம். எறங்குச்சுன்னா மேல வந்திருக்குன்னு அர்த்தம். ரேஸ்ல பிரேக்கு இடது கால்தானே, அது நல்லாத்தான் இருக்கு."

"போன மாசம் ட்ராக்கை விட்டுச் சரளைக்குள்ள போய் நின்னீங்களே. டயர் போச்சுன்னு சொன்னீங்க."

"பக்கத்துல வந்தவன் எஞ்சின் என் எஞ்சினைவிட சத்தமா இருந்துச்சு" என்றார் அவர் மெதுவாக. "எது என் கால்னு தெரியல."

நாத்தனார் சாப்பாட்டை விட்டு எழுந்து மிஷினுக்குப் போயிருந்தாள், ஆனால் ஓட்டவில்லை. ஆனாலும் ஏதோ தைக்கிற மாதிரி துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் அவர் உடனே வண்டியை விட்டு இறங்க மாட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பார். வண்டிக்கு நன்றி சொல்கிறார் என்று படம் எடுக்கிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அவள் காட்டியிருக்கிறாள்.

"அப்போ அந்த ரெண்டு நிமிஷம்..."

"இறங்கினா விழுந்துடுவேன். உணர்ச்சி வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

"சீட்டு கோணல்னு எப்போ தெரியும்?"

அவர் முட்டை ஓடுகளைத் தட்டின் ஓரமாகக் கூட்டினார்.

"சொல்லுங்க. எப்போ?"

"முதல் நாள், முதல் சுத்துலயே."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கோபப்படாத. கேளு. இறங்கி உன்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அங்க நின்னுக்கிட்டிருந்த. கையெல்லாம் நுரை ஒட்டி, தலைமுடியில ஒட்டி, அதைக் கத்திரிச்சு எடுத்திருந்தியே, ஞாபகம் இருக்கா? இந்தப் பக்கம் முடி, அந்தப் பக்கம் மொட்டை. எப்படின்னு கேட்ட. தோல் மாதிரின்னு சொல்லிட்டேன். அடுத்து ஜெயிச்சுட்டேன் வேற. மைக்கை நீட்டினான், அதையே திருப்பிச் சொன்னேன். ஒரு மாசத்துல ஆறு ரேஸ்காரன் வந்தான். அப்புறம் பலகை எழுதியாச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது? எந்த நாள்ல சொல்றது?"

"அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ஏழு மில்லி! ஒரு மணி நேர வேலை, அரம் வச்சு ராவி விட்டிருப்பேன்."

"நீ ராவியிருப்ப. ஆனா அதுக்கப்புறம் இன்னொரு சீட்டு வார்த்திருப்பியா?"

அவள் யோசித்தாள். அது நியாயமான கேள்விதான் என்பதால் கோபம் இன்னும் கூடியது.

"நாலு வருஷம் என் தப்பு மேல உட்கார்ந்திருக்கீங்க. நான் அதைப் படமா மாட்டி வச்சிருக்கேன்."

"அண்ணே," என்றாள் தங்கை, "உனக்குக் கால்தான் மரத்துப் போச்சுன்னு நினைச்சேன்."

புதன்கிழமை புதுச் சீட்டு வார்த்தார்கள். டீம் மெக்கானிக் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ஒல்லியான ஆள், எதைப் பார்த்தாலும் முதலில் திருகாணி எங்கே என்று தேடுகிறவர். நான்கு சக்கரத்துக்கும் தகடு வைத்து, நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, மூலைக்கு மூலை ஒருமுறை அவள் மட்டம் பார்த்தபோது, "இவ்வளவு மட்டமா ராக்கெட்கூட விட மாட்டாங்க" என்றார்.

"நீங்க அவர் தோளைப் பிடிங்க. வலப்பக்கம் எழும்பும். எழும்ப விடாதீங்க."

நுரை பொங்கியது. சூடு ஏறியது. ரேஸ்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோணலா இருக்குடி."

"நேரா இருக்கு."

"இடப்பக்கம் தூக்குது."

"நாலு வருஷம் கழிச்சு நேரா உட்கார்ந்தா அப்படித்தான் இருக்கும். பேசாதீங்க, பேசினா விலா அசையும்."

சனிக்கிழமை ஒத்திகை ஓட்டம். ட்ராக்கில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் தடுப்புச் சுவரோரம் நின்று நேரத்தைப் பார்த்தாள். வழக்கத்தைவிடச் சுற்றுக்கு ஒன்றரை வினாடி அதிகம். பார்க்கிறவர்களுக்கு ஒன்றரை வினாடி ஒரு கொட்டாவி. பந்தயத்தில் அது ஏழெட்டு இடம். வலது வளைவில் எப்போது திருப்ப வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது கண் இல்லை, இடுப்பு. அந்த இடுப்பை அவள் நகர்த்திவிட்டாள்.

இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "பழசைப் போட்டுடலாம்."

மெக்கானிக் அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு முதல் நாலு பேருக்குள்ள வந்தாத்தான் அடுத்த வருஷம் இந்த டீம்ல இருப்பேன்," என்றார் ரேஸ்காரர். "உனக்கே தெரியும். நாப்பத்தொரு வயசுல வேற எவன் வண்டி குடுப்பான்? இந்த ஒரு தடவை. அடுத்த வருஷம் முழுக்க உன் நேர் சீட்டுல உட்கார்றேன்."

"இருபது சுத்து. பத்துல கால் போயிடும்."

"காது இருக்கு."

"பக்கத்துல சத்தமா ஒருத்தன் வந்தா?"

"வர மாட்டான்."

அவளுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். சொன்னால் அவர் கேட்பார் என்றும் தெரியும். கேட்டுவிட்டு, பிறகு ஆயுசுக்கும் கடையில் உட்கார்ந்து, அன்று பழைய சீட்டைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அதையும் அவளால் பார்க்க முடியாது.

வேனுக்குப் போனாள். பழைய கிளிஞ்சலைத் தூக்கி வந்து வண்டியின் பக்கத்தில் வைத்தாள்.

"போடுங்க. நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. முடிஞ்சதும் அந்த ரெண்டு நிமிஷம் வேணாம். கொடி காட்டி, வண்டி நின்னதும் உடனே இறங்கி என்கிட்ட நடந்து வாங்க. நான் இங்கேயே நிப்பேன். பத்தடிதான். அதை மட்டும் செய்வீங்கன்னா, நானே இதை முடுக்கித் தர்றேன்."

ரேஸ்காரர் அந்தப் பத்தடித் தரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கிளிஞ்சலைப் பார்த்தார். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் ஸ்பேனரைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "அக்கா, எதைப் போடட்டும்?"

"அவரைக் கேளுங்க."

போய்க் கேட்டுவிட்டு வந்தார். "உள்ள இருக்கறதே இருக்கட்டுமாம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் ஏழாவது இடத்திலிருந்து கிளம்பினார். முதல் வளைவிலேயே ஒருவன் உள்பக்கம் நுழைந்தான். மூன்றாவது சுற்றில் இன்னொருவன். நாத்தனார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு, "போண்ணே, போண்ணே" என்று கத்தினாள். பஞ்சு வைத்திருந்ததால் தான் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது இடத்தில் அவர் தங்கிவிட்டார். வலது வளைவுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமாகத் திருப்பினார், பிறகு சரிசெய்தார். புது வீட்டில் விளக்கு சுவிட்சைத் தடவுகிற மாதிரி இருந்தது அது.

பத்தாவது சுற்று வந்தது. அவள் சுண்டு விரலை நினைத்தாள். பதினொன்று. பன்னிரண்டு. அவளுக்குத் தன் செருப்புக்குள் தன் விரல்கள் மடங்குவது தெரிந்தது. பதினைந்தாவதில் பின்னால் வந்தவன் சரளை வளைவுக்கு முன்னால் ஒட்டி வந்தான். அவன் எஞ்சின் சத்தம் ரொம்பப் பெரிதாக இருந்தது. போன மாதம் நடந்த அதே இடம். அவள் வேலியை இறுக்கிப் பிடித்தாள். ரேஸ்காரரின் வண்டி வளைவுக்குள் போனது. எஞ்சின் சத்தம் ஒரு இழை குறைந்தது, ஒரு இழை ஏறியது. அளந்து ஊற்றுகிற மாதிரி சுத்தமாக வெளியே வந்தது. பின்னால் வந்தவன் பின்னாலேயே நின்றான்.

"இப்போ காதால ஓட்டலை," என்றாள் அவள். நாத்தனாருக்குக் கேட்கவில்லை.

கொடி விழுந்தது. ஒன்பதாவது. டீம் மேனேஜர் கையில் இருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பேசுவோம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே நகர்ந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வண்டி வந்து நின்றது. படமெடுக்கிறவன் ஒருவன் பழக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு நிமிடப் படத்துக்காகக் கேமராவைத் தூக்கினான். அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

ஆறு எண்ணுவதற்குள் ஹெல்மெட் பறந்து வந்து விழுந்தது. பின்னாலேயே ரேஸ்காரர் வெளியே குதித்தார். முகம் சிவந்து போயிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராக வண்டியின் முன்பக்கம் போய், முன் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். வலது காலால்.

"ஆஆ!"

காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சுற்றினார். மெக்கானிக் ஓடி வந்து தாங்கினார். படமெடுக்கிறவன் என்ன எடுப்பதென்று தெரியாமல் கேமராவை இறக்கினான்.

அவள் மெதுவாக அந்தப் பத்தடியைத் தாண்டிப் போய், அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஷூவைக் கழற்றினாள்.

"வலிக்குதா?"

"கேக்கறா பாரு. உயிர் போகுதுடி."

"எந்த விரல்?"

"கட்டை விரல்."

"அடுத்தது?"

"அதுவும்."

"அதுக்கு அடுத்தது?"

"எல்லாம்தான், விடு."

"விட மாட்டேன். அதுக்கு அடுத்தது?"

"வலிக்குது, வலிக்குது."

கடைசியாகச் சுண்டு விரலை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினாள். ரேஸ்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் ஏன் கேட்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோபம் முகத்திலிருந்து இறங்கியது. தன் காலை, யாரோ தொலைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுவும்தான்" என்றார்.